தேநீரும் தீர்வையும்

போர்ட் சயீத் நகரத்தின் எல்லைச் சுங்கச் சாவடியில் வஜ்திக்கு ஒரே ஒரு சொல்தான் வேலை: தீர்வைக்குரியது. அதைச் சொன்னால் பொருள் மேசையின் இடப்பக்கம் போகும். சொல்லாவிட்டால் பையின் மேல் சாக்கட்டியால் ஒரு கோடு இழுப்பார், ஆள் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். இந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குத்தான் அரசாங்கம் அவருக்குச் சீருடையும், ஆடுகிற ஒரு மேசையும், ஓய்வூதிய நம்பிக்கையும் கொடுத்திருந்தது.

ஊருக்குள் எதற்கும் வரி கிடையாது. ஜப்பான் மின்விசிறியும் கொரியா நைலானும் அமெரிக்க ஆப்பிளும் கடைத்தெருவில் கத்தரிக்காய் மாதிரிக் குவிந்து கிடந்தன. சாவடியைத் தாண்டி வெளியே கொண்டுபோனால்தான் வரி. ஆகவே கல்யாணம் வைத்திருக்கிற சனங்கள் மன்ஸூராவிலிருந்தும் தன்தாவிலிருந்தும் காலை வண்டியில் ஒல்லியாக வந்து இறங்கி, மதிய வண்டியில் குண்டாகத் திரும்பிப் போனார்கள். மூன்று சட்டை, இரண்டு கால்சராய், அதற்கு மேல் ஒரு கம்பளிக் கோட்டு. ஆகஸ்டு மாதத்தில்.

அந்தச் சொல்லின் அர்த்தத்தை வஜ்தியைப் போல அறிந்தவர் யாரும் இல்லை என்று வஜ்தி நம்பினார். புதிதாக வந்து சேரும் அலுவலர்களை உட்கார வைத்து விளக்குவார். "விலை ஒசந்ததுன்னு அர்த்தம் இல்லப்பா. வெளிநாட்டுச் சரக்குன்னும் அர்த்தம் இல்ல. புதுசா இருக்கணும், கொண்டுபோற ஆளோட சொந்த உபயோகத்துக்கு மேல இருக்கணும். ரெண்டும் சேந்தாத்தான் அந்த வார்த்தை. ஒண்ணு இருந்து ஒண்ணு இல்லன்னா வாயத் திறக்கப்படாது." வீட்டிலும் இதே பேச்சுத்தான். மாமியார் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கியபோது, இது சொந்த உபயோகத்துக்கா, தீர்வைக்குரியதா என்று மனைவி இஜ்லாலிடம் கேட்டுவிட்டு, நகைச்சுவை உணர்வுக்கு விலையாக ஒரு வாரம் சோபாவில் படுத்தார்.

உடுப்புக்கு மேல் உடுப்பு போட்டு வருகிறவர்களை மற்ற அலுவலர்கள் தடவிப் பார்ப்பார்கள், அதட்டுவார்கள். பெண்கள் என்றால் பக்கத்து அறையில் நிஆமத் என்ற அம்மாள் சோதிப்பாள். வஜ்திக்கு இதெல்லாம் அநாகரிகம். அவர் கண்டுபிடித்த முறையே வேறு. சந்தேகப்பட்ட ஆளை மரியாதையாக எழுந்து வரவேற்று, மேற்கு ஜன்னலோரம் இருக்கிற நாற்காலியில் உட்கார வைப்பார். அங்கே விசிறிக் காற்று எட்டாது. தகரக் கூரை தலைக்கு மேல் அடுப்பாகக் காயும். பிறகு சாவடியின் தேநீர்க்காரன் பஸ்யூனியைக் கூப்பிட்டு, கொதிக்கக் கொதிக்க, சர்க்கரை தூக்கலாக ஒரு தேநீர் சொல்வார். அதைக் குடித்து முடிப்பதற்குள் ஊர், உறவு, பருத்தி விளைச்சல் எல்லாம் விசாரிப்பார். இரண்டாவது கிளாஸ் வரும்போது விருந்தாளி தானாகவே ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். ஒரு தொடல் இல்லை, ஒரு கடும்சொல் இல்லை. சாவடியில் இதற்கு 'வஜ்தியின் விருந்தோம்பல்' என்று பெயர். பெயரைக் கேட்கும்போதெல்லாம் வஜ்தி அடக்கமாகச் சிரித்துக்கொள்வார். அடக்கம் எல்லாம் உதட்டில்தான்.

அன்றைக்கு மன்ஸூராவுக்குத் திரும்புகிற மதிய வண்டியிலிருந்து இரண்டு பெண்கள் சோதனைக்கு இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவள் இன்ஷிராஹ். கலாபிய்யா என்கிற தொளதொள கறுப்பு அங்கி, கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை, கதவில் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே வர முடிகிற உடம்பு. பின்னால் தவ்ஹீதா: ஊதினால் பறக்கிற ஒல்லி, கன்னம் ஒட்டிய முகம், கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்பு அங்கி, விரலில் ஜபமாலை. இவர்கள் சம்பந்திகள். இன்ஷிராஹின் மகளை அடுத்த வியாழக்கிழமை தவ்ஹீதாவின் மகனுக்குக் கொடுக்கிறார்கள். பெண்ணுக்கு வேண்டியதை வாங்க இரண்டு அம்மாக்களும் சேர்ந்து வந்திருந்தார்கள்.

வஜ்தி கூடையைப் பார்த்தார். ஒரு மேசைவிரிப்பு, இரண்டு ஷாம்பு, நாலு ஆப்பிள். எதுவும் இல்லை என்றே சொல்லலாம். கல்யாணத்துக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் நாலு ஆப்பிளோடு திரும்பிப் போவார்களா? அவர் பார்வை இன்ஷிராஹின் இடுப்பைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்தது. போய்வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வாங்க ஹாஜ்ஜா, ஏன் நிக்கிறீங்க? இப்படி ஜன்னலோரம் உக்காருங்க. பஸ்யூனி, அம்மாவுக்கு ஒரு டீ."

தவ்ஹீதா சுவரோரம் கிடந்த பெஞ்சில், விசிறிக்கு நேர் கீழே போய் உட்கார்ந்துகொண்டாள். அவளை யாரும் கவனிக்கவில்லை. தடித்தவர்களையே தேடிப் பழகிய கண்ணுக்கு ஒல்லிகள் தெரிவதில்லை.

"தீர்வைக்குரிய பொருள் ஏதாச்சும் இருக்காம்மா?"

"அப்படின்னா என்னப்பா?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருக்கிற மனிதர் அவர். விளக்கினார். இன்ஷிராஹ் தேநீரை ஊதிக்கொண்டே தலையாட்டிக் கேட்டாள்.

"அப்ப இந்த வளையல்?"

"பழசு. உங்க கையில இருக்கு. இல்ல."

"இந்தப் பல்லு போன மாசம்தான் கட்டுனது. புதுசு."

"மென்னு சாப்பிடுறீங்கல்ல? சொந்த உபயோகம். இல்ல."

"காலையில உங்க ஊர்ல மீன் சாப்பிட்டேன். இங்கயே வாங்குனது, இப்ப வெளியூருக்குக் கொண்டுபோறேன்."

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். வஜ்தியும் சிரித்தார். இப்படிப்பட்ட விருந்தாளி லேசில் கிடைப்பதில்லை.

"மீனை விட்டுடலாம்மா. மேல போட்டிருக்கிற உடுப்பு உபயோகத்துக்கு. அதுக்கு அடியில என்னென்ன இருக்கோ, அதுலதான் எனக்கு வேலை."

"அடியில நான்தான் இருக்கேன்" என்றாள் இன்ஷிராஹ்.

இந்தச் சாவடியில் இதைவிட நேரான பதிலை யாரும் சொன்னதில்லை. வஜ்தி அதை நல்ல நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு இரண்டாவது கிளாஸ் சொன்னார்.

வெயில் ஜன்னல் வழியாக அவள் மடியில் ஏறி உட்கார்ந்தது. அவள் முகம் சிவந்தது; முக்காட்டின் ஓரம் நனைந்து நெற்றியில் ஒட்டிக்கொண்டது. வஜ்தி அவள் ஊரின் நெல் விலையைக் கேட்டார். மகளின் பெயரைக் கேட்டார். மருமகன் என்ன வேலை என்று கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஆனால் ஒரு பொத்தானைக்கூடத் தளர்த்தவில்லை.

"கஷ்டமா இருந்தா சொல்லுங்கம்மா. நிஆமத் அம்மா உள்ள கூட்டிட்டுப் போயி ஒரு தரம் பாத்துடுவாங்க. உங்களையும், கூட வந்தவங்களையும். அஞ்சு நிமிஷ வேலை."

இன்ஷிராஹ் சட்டென்று நிமிர்ந்தாள். "வேணாம்ப்பா. டீ நல்லா இருக்கு."

வஜ்திக்கு உள்ளம் குளிர்ந்தது. சோதனை வேண்டாம் என்கிறாள், அப்படியானால் இருக்கிறது. குறைந்தது ஐந்து உடுப்பு, ஆறாகவும் இருக்கலாம். வெளியே பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடித்தான். வஜ்தி மூன்றாவது கிளாஸ் சொன்னார். கொண்டுவந்த பஸ்யூனி, "பாஷா, போதும் போல இருக்கே" என்று முணுமுணுத்தான். வஜ்தி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் மூன்றாவது கிளாஸில் பாதி குடித்தாள். பிறகு கிளாஸை ஜன்னல் விளிம்பில் வைக்கப் போனாள். கை விளிம்பைத் தேடிக் காற்றில் அலைந்தது. கிளாஸ் விழுந்து உடைந்தது. அடுத்து நாற்காலி சரிந்தது, அதோடு அவளும்.

நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. நிஆமத் பக்கத்து அறைக்குள் கொண்டுபோகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடம் முழுக்கக் கதவையே பார்த்தது. வஜ்தி சாக்கட்டியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். உடுப்புகளை நிஆமத் அள்ளிக்கொண்டு வரும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூட யோசித்தார். வெற்றி தெரியக் கூடாது; கொஞ்சம் வருத்தம் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

நிஆமத் வெறுங்கையோடு வந்தாள்.

"அடியில ஒரே ஒரு கவுனுதான் போட்டிருக்காங்க. அதுவும் ஒட்டுப்போட்டது. மிச்சம் எல்லாம் அவங்கதான்."

கூடத்தின் பின்பக்கமிருந்து யாரோ ஒருவன் குபீரென்று சிரித்தான். சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகத் தாவி முன்வரிசைக்கு வந்து, வஜ்தியின் மேசைக்கு முன்னால் நின்றது. அவர் காது சூடாகியது. தங்களைப் பார்த்துச் சிரிப்பதாகத்தான் மனிதர்கள் எப்போதும் நினைத்துக்கொள்கிறார்கள். அறைக் கதவு பாதி திறந்திருக்கிறது, உள்ளே படுத்திருக்கிறவளுக்கும் இது கேட்கும் என்பது அவருக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. உறைத்த பிறகு அவருடைய காதைப் பற்றி அவருக்கே அக்கறை இல்லாமல் போயிற்று.

அவள் சொன்னாளே. அடியில நான்தான் இருக்கேன் என்று வாயைத் திறந்து சொன்னாளே.

"அவளுக்கு சர்க்கரை வியாதி" என்று ஒரு குரல் கேட்டது. தவ்ஹீதா மேசைக்கு முன்னால் நின்றாள். "டீயில சர்க்கரையே போடமாட்டா. மூணு கிளாஸ் குடிச்சிருக்கா."

அவள் எழுந்து வந்தபோதே வஜ்தி அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தார். சரசர, சரசர. இத்தனை வருடத்தில் துவைக்காத புது நைலானின் சத்தம் அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஒன்றல்ல, பல. தவ்ஹீதாவின் முகத்தில் சதையே இல்லை. ஆனால் தோளுக்குக் கீழே அவள் ஒரு தலையணை போல இருந்தாள். இவ்வளவு நேரமும் அவருக்கு இது தெரியவில்லை.

வேண்டாம் அம்மா, பேசாதே, போய் உட்கார் என்று அவர் மனசுக்குள் கெஞ்சினார்.

தவ்ஹீதா ஜபமாலையை மேசையில் வைத்துவிட்டு, கழுத்துப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தாள். "நீங்க தேடுறது இந்தா இருக்கு. பொண்ணுக்கு வாங்கின ராத்திரி உடுப்பு. ஆறு. பொண்ணு என்னை மாதிரி ஒல்லி. அவ அம்மாவுக்கு ஒரு கைகூட நுழையாது. அதான் நான் போட்டுக்கிட்டேன். எல்லாத்தையும் எடுத்துக்குங்க."

"அம்மா, பொத்தானைப் போடுங்க" என்றார் வஜ்தி. "இங்க வேண்டாம்."

"எங்க வேணும்? உங்க வெயில்ல அவ வெந்துக்கிட்டிருக்கா, நான் விசிறிக்கு அடியில உக்காந்து மாலை உருட்டிக்கிட்டிருந்தேன். என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான் சோதனை வேணாம்னா. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கல. என் வீட்டுக்குப் பொண்ணு குடுக்கிறவ."

நிஆமத் அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் ஆறு உடுப்புகளும் மேசைக்கு வந்தன. இளஞ்சிவப்பு, வெளிர்நீலம், மஞ்சள், இன்னும் சொல்லக் கூச்சமான நிறங்கள். மெல்லிய சரிகைக் கழுத்து. உடம்புச் சூடு இன்னும் ஆறவில்லை, வேர்வையில் நனைந்து கிடந்தன. இவற்றையெல்லாம் உள்ளே போட்டுக்கொண்டு, கறுப்பு அங்கியை இழுத்து மூடி, அந்தத் தெய்வபக்தி முகத்தோடு அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் வேறொரு நாளில் வஜ்தி ஒரு மாதத்துக்குச் சிரித்திருப்பார். இப்போது சிரிப்பு எங்கேயும் கிடைக்கவில்லை. தேடிக்கூடப் பார்த்தார்.

உள்ளே போனார். இன்ஷிராஹ் கட்டிலில் சாய்ந்து, நிஆமத் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். கண் தெளிந்திருந்தது. பக்கத்தில் தவ்ஹீதா, இப்போது உண்மையான ஒல்லியாக, ஒரு துடைப்பக்குச்சி போல நின்றாள்.

"ஹாஜ்ஜா, என்னை மன்னிச்சிடுங்க."

அவள் தண்ணீரை இன்னொரு வாய் குடித்தாள்.

"அந்த உடுப்பெல்லாம் பாத்தேன். அது ஒண்ணும் இல்லம்மா. போட்டாச்சு, வேர்த்தாச்சு. உபயோகிச்ச துணிதான். தீர்வைக்குரியது இல்ல. எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. வண்டிய நான் நிறுத்தி வைக்கிறேன்."

"இப்ப மட்டும் அர்த்தம் மாறிடுச்சா?" என்றாள் இன்ஷிராஹ்.

"அம்மா..."

"அவ்வளவு அழகா விளக்குனியே. புதுசா இருக்கணும், சொந்த உபயோகத்துக்கு மேல இருக்கணும்னு. என் சம்பந்தி இந்த வயசுல இளஞ்சிவப்பு ராத்திரி உடுப்புப் போட்டுக்கிட்டு எங்க போகப்போறா? அது அவ உபயோகமா?"

தவ்ஹீதா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது, அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"நாங்க ஏமாத்தத்தான் பாத்தோம். வாஸ்தவம். அதுக்கு உள்ளதைக் கட்டிடுறேன். எழுது. நான் விழுந்ததுக்குக் கூலியா விடுறியா? என் பொண்ணு கல்யாணத்து உடுப்பு அப்படி வர வேணாம். அவ அதைப் போடும்போதெல்லாம் இந்தக் கூடத்துச் சிரிப்பு என் காதுல விழும்."

வஜ்தி மேசைக்குத் திரும்பி ரசீதை எழுதினார். பேனா ஒழுங்காக ஓடவில்லை. ஆயிரம் தடவை எழுதிய சொல்; ஒரு பூச்சியைப் பிடித்துத் தாளில் வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. இன்ஷிராஹ் சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்து, அங்கியின் மார்புக்குள்ளிருந்து கைக்குட்டை முடிச்சை எடுத்தாள். தவ்ஹீதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கட்டுறேன். நான்தானே உடுத்தினேன்."

"விடு. பொண்ணைப் பெத்தவ நான்."

"அல்லா மேல ஆணை, நீ முடிச்சை அவிழ்த்தா இந்தக் கல்யாணம் நடக்காது."

"ஆணை போடாத. கல்யாணம் நடக்காட்டி அந்த உடுப்பையெல்லாம் நீயே வச்சுக்க வேண்டியதுதான்."

"அம்மா, நீங்க ரெண்டு பேருமே கட்ட வேண்டாம்" என்று வஜ்தி தன் பைக்குள் கையை விட்டார். "இதை நான் கட்டிடுறேன். என் மனசுக்காக."

நிஆமத் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "எல்லாரும் வரியிலேருந்து தப்பிக்கத்தான் இங்க வருவாங்க. நான் கட்டுறேன் நான் கட்டுறேன்னு சண்டை போட்டதை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

இன்ஷிராஹ் வஜ்தியின் கையைப் பார்த்தாள். கசங்கிய ஜினைஹ் நோட்டுகள்.

"பையில வை. இவ சம்பந்தி, கட்டட்டும். நான் ஒருநாள் திருப்பி அவளுக்குச் செய்வேன். நீ யாரு?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் கேட்டாள். அவர் நோட்டுகளைப் பைக்குள் வைத்தார். வைத்த கை வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

தவ்ஹீதா கட்டினாள். வஜ்தி ரசீதைக் கொடுத்தார். உடுப்புகளை ஒவ்வொன்றாக அவரே மடித்துக் கூடைக்குள் வைத்தார். அது அவர் வேலை இல்லை; பயணிகள்தான் மடித்துக்கொள்ள வேண்டும். சரிகைக் கழுத்தை எப்படி மடிப்பது என்று தெரியாமல் மூன்று தடவை முயன்றபோது, பஸ்யூனி வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு போனான்.

பேருந்து வாசலில் ஒரு சிக்கல் வந்தது. படி உயரம். இன்ஷிராஹின் கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. தவ்ஹீதா கீழேயிருந்து தள்ளிப் பார்த்தாள். குச்சியை வைத்து வீட்டைத் தள்ளுவது போல இருந்தது. உள்ளே ஓட்டுநரும் பயணிகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தவன் அவர்களுக்குள் எவனோ ஒருவன்.

வஜ்தி தொப்பியைக் கழற்றி பஸ்யூனியிடம் கொடுத்தார். படியோரம் போய்க் குனிந்து, தோளைக் காட்டினார்.

"இதைப் பிடிச்சுக்குங்கம்மா."

அவள் யோசித்தாள். யோசித்தது அவருக்குத் தெரிந்தது. குனிந்த இடத்தில் தார் கொதித்தது, அதன் வாடை மூக்கில் ஏறியது. அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தபோது தோளில் ஒரு கை விழுந்தது. பிறகு அவள் பாரம் முழுக்க விழுந்தது. முழங்கால் மடங்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார். ஒரு படி. இன்னொரு படி.

"கனக்குதா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத."

"கனக்குது ஹாஜ்ஜா. ரொம்பக் கனக்குது."

"கனக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கடைசிப் படியை ஏறுவதற்கு முன் அங்கேயே நின்று கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். அவள் அவசரப்படவில்லை. அவரும் தோளை எடுக்கவில்லை.